சில்வெஸ்டர் இறங்காமல் போன போயா நாள்

காத்தான்குடியில் என் புடைவைக் கடை வாசலில் நின்று பார்த்தால், மட்டக்களப்புப் பட்டினத்துப் பக்கமிருந்து வரும் றோட்டு நெடுந்தூரம் தெரியும். அந்த றோட்டில் சில்வெஸ்டரின் தலை தெரிகிறதா என்று நான் பார்த்து நின்ற நேரத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால், அதற்குள் ஒரு மனிதன் கலியாணம் முடித்துப் பிள்ளையும் பெற்றிருக்கலாம். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் அவனோடு ஒரு நாள் சைக்கிளில் போய்ப் பார்க்கட்டும். போய்விட்டு வந்து என்னோடு கதைக்கட்டும்.

அவன் மெதுவாக மிதிப்பவன் அல்ல. ஏறியிருந்தால் என்னைவிட நன்றாகவே மிதிப்பான். ஆனால் ஏறியிருக்கமாட்டான், இறங்கிவிடுவான். தெரிந்த முகத்தைக் கண்டால் இறங்குவான். கோயிலைக் கண்டால் இறங்குவான், பள்ளிவாசலைக் கண்டால் இறங்குவான், வழியோரத்து மாதா சுரூபத்துக்கு இறங்கிச் சிலுவை போடுவான். வயது போனவர் ஒருவர் குடையோடு எதிரே வந்தால், அவர் முகம் தெரியும் முன்பே இவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பான். இறங்குவதும் சும்மா இறங்குவதில்லை. முதலில் மணியை ஒரு தடவை அடிக்க வேண்டும். பிறகு பிரேக். பிறகு இடது காலைப் பெடலில் ஊன்றி, வலது காலைப் பின்பக்கமாகச் சுழற்றி எடுத்து, சைக்கிளோடு கொஞ்சம் நடந்து, அதைச் சரித்து நிறுத்தி, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்து, அதன்பிறகுதான் வாய் திறக்கும்.

“சுகமா இரிக்கிறீங்களா?”

இந்தக் கேள்வி முடிவதற்குள் கேட்கப்பட்டவர் பாதித் தூரம் போயிருப்பார். அவரும் மரியாதைக்குத் திரும்பி வருவார். பிறகு அவர் வீட்டு மாடு, மகளின் பிரசவம், வட்டையில் உழவு தொடங்கியதா இல்லையா, எல்லாம் கேட்டு முடியவேண்டும். நான் ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி சைக்கிளிலேயே இருப்பேன். என் ஆத்திரம் அவனுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே இறங்கமாட்டேன். அவனுக்குத் தெரிந்ததாக நினைவில்லை.

சில்வெஸ்டருக்கு இது தகப்பன்வழிச் சொத்து. தகப்பனார் தபால்காரர். சைக்கிளில் இருந்தபடி ஒருவருக்கும் கடிதம் நீட்டியதில்லை என்று பெயர் எடுத்தவர். மகன் அரசாங்கக் கச்சேரியில் காணிப் பகுதியில் கிளாக்கர். புளியந்தீவில் கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் பகுதியில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம். தகப்பனார் கண்ணை மூடியபின் இரண்டு தங்கச்சிமாருக்கும் வீடு கட்டி, அவர்களைக் கரைசேர்த்துவிட்டு இவன் நிமிர்ந்து பார்த்தபோது தலையில் முன்பக்கத்து மயிர் போயிருந்தது. மிச்சம் இருந்தது ஒரு ராலி சைக்கிளும், அந்தத் தொப்பியும், நாங்கள் இரண்டு கூட்டாளிகளும்.

மற்றக் கூட்டாளி வின்சன்ற் வாத்தியார், கல்லடிக்காரர். படிப்பித்தது கணக்கு. ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு கணக்கும் சரியாக வந்து நான் கேட்டதில்லை.

நாங்கள் மூவரும் சைக்கிளில் ஊர் சுற்றப் போவதற்கு ஒரு பருவம் இருந்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மண் கண்ணுக்குள் அடிக்கும், சைக்கிள் முன்னுக்குப் போகாது. மாரி தொடங்கினால் றோட்டும் வாவியும் ஒன்றுதான். இரண்டுக்கும் நடுவில், புரட்டாதி ஐப்பசியில், காற்று ஓய்ந்து வெயில் இளகி நிற்கும் கொஞ்ச நாள் கிடைக்கும். அந்தக் கொஞ்ச நாளிலும் விடுமுறை எது என்று தேடவேண்டியிருந்தது. அந்த வருடங்களில் அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமை லீவை எடுத்துவிட்டு, நிலாவின் கணக்கில் கிழமைக்கு ஒன்றாக வரும் போயா நாளை லீவாக்கியிருந்தது. போயா இந்தக் கிழமை செவ்வாயில் வரும், அடுத்த கிழமை புதனில் வரும். சில்வெஸ்டர் ஞாயிறு விடியவே பூசை கண்டுவிட்டு வேலைக்கு ஓடவேண்டும். எனக்கு வெள்ளி முக்கியம். வாத்தியாருக்கு என்ன கிழமை என்பதே மறந்துபோயிருந்தது. நிலாவைப் பார்த்துச் சைக்கிள் ஓடிய கூட்டம் உலகத்தில் நாங்களாகத்தான் இருக்கும்.

போய்வந்த மறுநாள் பின்னேரம் என் கடை வாங்குப்பலகையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி, வராதவர்களுக்குப் போன கதையைச் சொல்வது வழக்கம். வாத்தியார் சொன்னால் கிரான்குளத்து நாய் சிறுத்தையாகிவிடும். சில்வெஸ்டரிடம் கேட்டால், “தாளங்குடாவில புஸ்பம் அக்காட மாடு கண்டு போட்டிரிக்கி” என்பான். அவ்வளவுதான் அவனுடைய பயணக் கதை. நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: எங்கெங்கே எவ்வளவு நேரம் நின்றோம் என்பது.

இப்போது மேர்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். இவ்வளவு எரிச்சலுக்கும் நான் ஏன் அவனோடு போனேன் என்பதற்கு அதுதான் காரணம்.

செட்டிபாளையம் காத்தான்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற ஊர். ஆரையம்பதி, தாளங்குடா, கிரான்குளம் எல்லாம் தாண்டிப் போகவேண்டும். அங்கே றோட்டோரத்து வளவு ஒன்றில் மேர்சி இருந்தார். அரசாங்க மருத்துவமாது. அந்தக் கரையில் பிறந்த பிள்ளைகளில் பாதியைக் கையில் ஏந்தியவர். ஊரெல்லாம் “மிஸி” என்று கூப்பிடும். அவரிடமும் ஒரு லேடீஸ் சைக்கிள் இருந்தது. பிள்ளைப்பேற்றுக்கு ஆள் வந்து கூப்பிட்டால் ஏறி மிதிப்பார், ஒருவருக்காகவும் நிற்கமாட்டார். வயது முப்பது தாண்டியிருந்தது. தாய் மார்கிறட்டும் அவரும்தான் வீட்டில். தம்பி டானியல் வடக்கே மாங்கேணியில் மீன் வாடி ஒன்றில் வேலை. அவன் கடலுக்குப் போகிறவன் இல்லை என்றாலும், காற்று கொஞ்சம் பலத்தால் மார்கிறட் அம்மாவுக்கு நித்திரை வராது.

சில்வெஸ்டருக்கு மேர்சியைக் கலியாணம் முடிக்கவேண்டும் என்று ஆசை. இதை அவன் எனக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. நாங்கள் எந்தத் திசைக்குப் புறப்பட்டாலும் கடைசியில் செட்டிபாளையத்தில் போய்த்தான் நின்றோம். அந்த வீட்டு வேலி வாசலில், கடப்படியில், அவன் மணி அடிப்பான், இறங்குவான், தொப்பியைக் கழற்றுவான், தாகமாக இருக்கிறது என்பான். மேர்சி பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுவருவார். குடிப்பான். செம்பைத் திருப்பிக் கொடுப்பான். நானும் வாத்தியாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

“கச்சான் ஓய்ஞ்சிட்டு, மிஸி.”

“ஓம், ஓய்ஞ்சிட்டு.”

“மறுகா, மழை வந்திரும்.”

“வரும்.”

அவ்வளவுதான். தொப்பியைப் போட்டுக்கொண்டு ஏறிவிடுவான். மூன்று பருவம் இப்படியே போனது. மூன்று பருவமும் கச்சான் ஓய்ந்ததை இவன் போய்ச் சொல்லித்தான் அந்தப் பெண் அறிந்ததுபோல!

தடை இல்லாமல் இல்லை. இவன் கத்தோலிக்கன், அவர்கள் மெதடிஸ்த சபை. மார்கிறட் அம்மா தன் சபைக்கு வெளியே பெண் கொடுக்கச் சம்மதிக்கமாட்டார் என்றார்கள். இங்கே பங்குச் சுவாமியாரும் முகம் சுளிப்பார் என்றார்கள். முஸ்லிமாகப் பிறந்த எனக்கு இது விளங்கவே இல்லை. ஒரே யேசு, ஒரே சிலுவை, ஒரே கிறிஸ்மஸ். இதற்குள் என்ன குறுக்குச் சுவர் என்று வாத்தியாரிடம் கேட்டேன். அவர் மார்ட்டின் லூதர் காலத்திலிருந்து தொடங்கினார். நான் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். சுவரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம், முதலில் இவன் வாயைத் திறக்கவேண்டாமா? வாயில் என்ன கொழுக்கட்டையா?

நானே போய்க் கேட்டுவிடுகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

“வேணாம் மச்சான். கேக்கிறதெண்டா நான்தான் கேக்கணும்.”

“எப்ப கேப்பாய்? அவ பிரசவம் பாத்த புள்ளையெல்லாம் கலியாணம் முடிச்ச பிறகா?”

“நேரம் வரட்டும்.”

நேரம் எப்படி வரும்? வழியெல்லாம் இறங்கி இறங்கிப் போனால், அந்த வீட்டுக் கடப்படிக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாயும். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மார்கிறட் அம்மா உள்ளே இருந்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றக் கூப்பிட்டுவிடுவார். அதனால் ஒரு போயாவுக்கு நான் சட்டம் போட்டேன். இன்றைக்கு ஒருவரும் ஓரிடத்திலும் இறங்கக் கூடாது. சரி என்றான். ஆரையம்பதியில் வட்டவிதானையார் வேலியோரம் நின்றார். வயல் தண்ணீர் விவகாரமெல்லாம் பார்க்கிற பெரிய மனிதர். இவன் மணியை அடித்தான்.

“சில்வெஸ்டர்!” என்று கத்தினேன்.

இறங்கிவிட்டான். எல்லாம் கேட்டு முடித்து வந்தபிறகு என்னைச் சமாதானப்படுத்தினான்.

“இறங்காமப் போனா அவங்க பயந்திருவாங்க மச்சான். இழவு சொல்லப் போறவன்தானே இறங்காமப் போவான்?”

அது உண்மைதான். எங்கள் கரையில் அப்படி ஒரு வழக்கம். சாவுச் செய்தி கொண்டு போகிறவன் வழியில் எங்கும் சைக்கிளால் இறங்கமாட்டான். செய்தி சொல்லவேண்டிய வீட்டுக்குப் போனாலும் கடப்புக்கு உள்ளே வரமாட்டான். தண்ணீர் கொடுத்தால் ஒரு மிடறும் குடிக்கமாட்டான். ஆனால் ஊரில் எத்தனையோ பேர் வேலைவெட்டிக்கு இறங்காமல்தான் போகிறார்கள். அவர்களைப் பார்த்து யார் பயந்தார்கள்? இதைச் சொன்னேன்.

“அவங்க எப்பவும் இறங்காதவங்க. நான் எப்பவும் இறங்கிறவன்,” என்றான்.

தலையில் அடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

மேர்சிக்கும் பொறுமை எல்லை தாண்டியிருந்தது என்பதை நான் ஒரு நாள் அறிந்தேன். சில்வெஸ்டர் எதிர்வீட்டுக் கிழவருக்காக இறங்கி நின்ற நேரம், மேர்சி செம்போடு என் பக்கம் வந்தார்.

“உசனார் காக்கா, உங்கட கூட்டாளிக்குத் தண்ணித் தாகம் மட்டுந்தானா?”

நான் பதில் சொல்ல முன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த முகத்தில் இருந்த சலிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சலிப்பு. என் கண்ணாடியில் நான் தினமும் பார்ப்பது.

நாலாவது பருவம் வந்தது. கச்சான் ஓய்ந்து முதல் போயா. விடியவே வின்சன்ற் வாத்தியார் மூச்சு வாங்க என் கடைக்கு வந்தார். வழமையாக அவர் கொண்டுவரும் செய்தியில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்பேன். இதில் தள்ள ஒன்றும் இருக்கவில்லை. கல்முனைப் பக்கத்திலிருந்து மேர்சிக்கு ஒரு கலியாணப் பேச்சு. மெதடிஸ்த சபை ஆள், கூட்டுறவுக் கடை மனேச்சர், மனைவியை இழந்தவர், நல்ல குணம். மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்கு மத்தியானத்துக்கு முன் வந்து முடிவு சொல்லப்போகிறார்கள். மார்கிறட் அம்மாவுக்குப் பூரண சம்மதம்.

“அவ என்ன சொல்றாவாம்?” என்று கேட்டேன்.

“கேக்கிற ஆளுக்குத்தானே பதில் சொல்லலாம் எண்டிருக்கா.”

றோட்டைப் பார்த்தேன். தூரத்தில் சில்வெஸ்டர் வந்துகொண்டிருந்தான். பள்ளிவாசலடியில் இறங்கினான். ஏறினான். பேக்கரிக்காரருக்கு இறங்கினான். ஏறினான். பக்கத்துக் கடைச் சபூரா உம்மா வாசல் பெருக்கிக்கொண்டு நின்றார், அவருக்கும் இறங்கி அவருடைய முழங்கால் நோவைப் பற்றி விசாரித்தான். நான் கடை வாசலில் நின்று இரண்டு கையாலும் வா வா என்று காட்டினேன். அவனும் சிரித்துக்கொண்டு கையைக் காட்டினான்.

வந்து இறங்கி, தொப்பியைக் கழற்றியபிறகு வாத்தியார் செய்தியைச் சொன்னார். முதல் தடவையாக ஒன்றையும் கூட்டாமல் சொன்னார்.

சில்வெஸ்டர் கக்கத்தில் இருந்த தொப்பியை எடுத்துத் தலையில் போட்டான். அது பின்பக்கம் முன்னாக இருந்தது. ஏறினான். நாங்கள் எங்கள் சைக்கிளைத் திருப்புவதற்குள் அவன் கடைத்தெரு முடிவுக்குப் போய்விட்டான்.

அவன் அப்படி மிதித்து நான் அதற்குமுன் கண்டதில்லை. ஆரையம்பதிக் கோயிலைத் தாண்டினான், இறங்கவில்லை. வட்டவிதானையார் குடையோடு நடு றோட்டில் வந்தார், அவரையும் சுற்றிக்கொண்டு போனான். அந்த மனிதர் அப்படியே மலைத்து நின்றார். நானும் வாத்தியாரும் நாக்குத் தள்ளப் பின்னால் வந்தோம்.

“ஆரு மனே? ஆரு மவுத்து?” என்று என்னை மறித்துக் கேட்டார்.

“ஒருத்தரும் சாகல்ல!” என்று கத்திக்கொண்டே போனேன்.

“பாவம், மறைக்கான். சொந்தக்காரருக்கு முதல் தெரியப்படாதெண்டு மறைக்கான்,” என்று அவர் யாருக்கோ சொன்னது காதில் விழுந்தது.

தாளங்குடாவில் மாதா சுரூபத்தடியில் அவன் இறங்கவும் இல்லை, சிலுவை போடவும் இல்லை. அதோடு ஊர் உறுதியாக நம்பிவிட்டது. மற்ற யார் அப்படிப் போயிருந்தாலும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். போனது சில்வெஸ்டர். புஸ்பம் அக்கா கறந்த பாலை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார். மீன்காரர் ஒருவர் பெட்டியோடு சைக்கிளைத் திருப்பினார். வட்டவிதானையார் தன் மருமகனின் சைக்கிள் கரியரில் ஏறி வந்துகொண்டிருந்தார். கிரான்குளத்தில் ஒரு மாட்டு வண்டி நிறையப் பெண்கள் எங்களுக்குப் பின்னால் திரும்பினார்கள். யாருக்கென்று தெரியாவிட்டாலும் அழுகையை மெதுவாகத் தொடங்கி வைத்திருந்தார்கள். நான் திரும்பித் திரும்பி ஒருவரும் சாகவில்லை என்று கத்த, அவர்கள் இன்னும் சத்தமாக அழுதார்கள். என் வாழ்க்கையில் உண்மை பேசி இவ்வளவு நாசம் நடந்தது அன்றைக்குத்தான்.

செட்டிபாளையத்தில் அந்த வீட்டு முற்றத்தில் கதிரைகள் போட்டிருந்தன. கல்முனைக்காரர்கள் வந்து இருந்துவிட்டார்கள். தட்டில் கேக்கும் வாழைப்பழமும். மனேச்சர் ஒரு பழத்தைப் பாதி உரித்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சில்வெஸ்டர் கடப்படியில் போய் நின்றான். உள்ளே போகவில்லை. போகமுடியாமல் நின்றானோ, வெட்கத்தில் நின்றானோ. சைக்கிளில் இருந்தபடியே ஒரு காலை மண்ணில் ஊன்றிக்கொண்டு, வாய் திறந்து மூச்சு வாங்கினான். பின்னால் றோட்டு நிறைய நாங்கள்.

மார்கிறட் அம்மா நிமிர்ந்து பார்த்தார். கடப்புக்கு வெளியே இறங்காமல் நிற்கும் சில்வெஸ்டரைப் பார்த்தார். அழுதுகொண்டு வரும் வண்டியைப் பார்த்தார்.

“ஐயோ என்ட டானியல்! என்ட மகனே!”

நெஞ்சில் அடித்துக்கொண்டு நிலத்தில் விழுந்தார். அதோடு வண்டிப் பெண்களுக்கு யார் செத்தது என்பது தெரிந்துவிட்டது. டானியலின் பெயர் சொல்லி, அவன் நடந்த நடை, சிரித்த சிரிப்பு எல்லாம் சொல்லி ஒப்பாரி எழுந்தது. கல்முனைக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். சில்வெஸ்டர் இரண்டு கையையும் ஆட்டி ஏதோ சொன்னான். ஒருவருக்கும் கேட்கவில்லை. தான் செய்துவிட்ட காரியம் அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அந்த அம்மாவின் அழுகையைக் கேட்க அதைவிடப் பயமாக இருந்தது.

மேர்சி வீட்டுக்குள்ளிருந்து வந்தார். கையில் பித்தளைச் செம்பு. முகம் வெளுத்திருந்தது. டானியல் அவருக்கும் தம்பிதானே. தாயைத் தாண்டி, மாப்பிள்ளை வீட்டாரைத் தாண்டி, நேரே கடப்படிக்கு வந்து செம்பை நீட்டினார்.

“குடிங்க, கிளாக்கர்.”

அழுகை அப்படியே நின்றது. எல்லாருக்கும் தெரியும். இழவு சொல்ல வந்தவன் என்றால் குடிக்கமாட்டான்.

சில்வெஸ்டர் செம்பை வாங்கினான். அண்ணாந்து குடித்தான். தண்ணீர் கழுத்தால் வழிந்து சட்டை நனைந்தது. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் செம்பைக் கொடுத்தான். வண்டியில் யாரோ ஒரு பெண் “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். அவர் எங்கே ஏறினார் என்று எனக்குத் தெரியாது.

“ஆரும் செத்திட்டாங்களா?” என்று மேர்சி கேட்டார்.

“இல்ல, மிஸி.”

“மாங்கேணியில?”

“இல்ல. எல்லாரும் நல்லா இரிக்காங்க.”

“அப்ப என்னத்துக்கு இந்த வேகத்தில வந்த?”

மார்கிறட் அம்மாவின் விக்கல் மட்டும் கேட்டது. சில்வெஸ்டர் வாயைத் திறந்தான்.

“கச்சான் ஓய்ஞ்சிட்டு, மிஸி.”

என் சைக்கிளைத் தூக்கி அவன் தலையில் போட்டிருப்பேன். கை எட்டவில்லை. வாத்தியார் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். மேர்சியின் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றதை நான் பார்த்தேன். அது தம்பிக்காக வந்த கண்ணீர் அல்ல. அவர் திரும்பிப் போக ஒரு காலை எடுத்துவைத்தார்.

“இல்ல, அதில்ல,” என்றான் சில்வெஸ்டர். “பொறுங்க, மிஸி. நான் உங்களக் கலியாணம் முடிக்கலாமா எண்டு கேக்கத்தான் வந்த. நாலு வருசமா அதக் கேக்கத்தான் வந்த.”

மேர்சி திரும்பினார். அவனுடைய முகத்தைப் பார்த்தார். தலையில் பின்பக்கம் முன்னாக இருந்த தொப்பியைப் பார்த்தார். சைக்கிள் சீற்றில் அவன் இருந்த இருப்பைப் பார்த்தார்.

“ஆட்டுக்காரருக்கும் மாட்டுக்காரருக்கும் இறங்கிக் கதைக்கிற ஆள்,” என்றார், “எனக்கிட்ட ஏறியிருந்துகொண்டா கேக்கிறீங்க? இறங்கிக் கேளுங்க.”

சில்வெஸ்டர் இறங்கினான். மணியை ஒரு தடவை அடித்தான், பழக்க தோசம். இடது காலைப் பெடலில் ஊன்றினான். வலது காலைச் சுழற்றி எடுத்தான். சைக்கிளை வேலியில் மெதுவாகச் சரித்து நிறுத்தினான். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தான். கல்முனைக்காரர்கள், வட்டவிதானையார், வண்டிப் பெண்கள், பாதி உரித்த பழத்தோடு மனேச்சர், எல்லோரும் அவன் இறங்கி முடியும்வரை காத்து நின்றார்கள். நானும் நின்றேன். அவன் இறங்கியபோதெல்லாம் எனக்கு ஆத்திரம் வந்தது. அன்றைக்கு மட்டும் வரவில்லை. என் கண்தான் ஏனோ கரித்தது.

அவன் மறுபடியும் கேட்டான். இந்த முறை முழுதாக, மரியாதையாக, அவர் பெயர் சொல்லிக் கேட்டான்.

“ஓம்,” என்றார் மேர்சி. “அம்மா சம்மதிக்க ரெண்டு வருசமாவது ஆகும். அதுவரைக்கும் வழமைபோல வந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

மார்கிறட் அம்மா எழுந்து ஏதோ கத்தத்தான் பார்த்தார். ஆனால் மகன் உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோசத்தில் கோபம் சரியாக வரவில்லை. மனேச்சரைக் குறை சொல்லமாட்டேன். அவர் பழத்தை உரித்துச் சாப்பிட்டு முடித்து, “நாலு வருசமா?” என்று ஒரு தடவை மட்டும் கேட்டார். பிறகு எல்லோருக்கும் கும்பிட்டுவிட்டுத் தன் ஆட்களோடு போனார். அந்த முற்றத்தில் நின்றவர்களில் பெரிய மனிதர் அவர்தான்.

திரும்பிவந்த வழியைப் பற்றி நான் சொல்லாமல் விடுவதே நல்லது. காலையில் இறங்காமல் தாண்டிய ஒவ்வொரு வாசலிலும் அவன் இறங்கினான். கோயிலுக்கு இறங்கி மன்னிப்புக் கேட்டான். மாதாவுக்கு முழங்காலிலேயே நின்றான். தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும், ஒருவரும் சாகவில்லை, எனக்குக் கலியாணம் என்று சொன்னான். அவர்கள் ஒன்றுக்கு மூன்று தரம் கேட்டார்கள். நாங்கள் காத்தான்குடிக்கு வரும்போது என் கடைக் கதவு பூட்டியிருந்தது. வீட்டு வாசலில் சனம். நான் கத்திக்கொண்டு போனதைக் கண்ட யாரோ, உசனார் வீட்டில்தான் மவுத்து என்று சொல்லி, அது என்னுடைய மவுத்து என்றே ஆகியிருந்தது. என் மனைவி ஸைனம்பு என்னைக் கண்டதும் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு அதே சட்டையைப் பிடித்து உலுக்கி, நான் கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டாள். சில்வெஸ்டர் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். அவளுக்கும் முதலிலிருந்து கதை சொன்னான்.

மேர்சி சொன்ன இரண்டு வருடம் மூன்றாக இழுபட்டது. சுவாமியார் ஒரு பக்கம், அவர்களுடைய போதகர் ஒரு பக்கம், மார்கிறட் அம்மா இரண்டு பக்கமும். இவன் விடாமல் போனான், இறங்கினான், தண்ணீர் குடித்தான். கடைசியில் அந்த அம்மாவே, இவன் வந்து வாசலில் நிற்கிற நேரத்துக்கு வீட்டுக்குள் வந்து நின்றால் கூரையாவது வேய்வான் என்று சொல்லிச் சம்மதித்தார். கலியாணம் புளியந்தீவில் கத்தோலிக்கக் கோயிலில் நடந்தது. மேர்சி தன் சபைக்குப் போவதை விடவில்லை. போயா லீவு போய் ஞாயிறு திரும்ப வந்தபிறகு, இவன் தன் பூசையை விடியவே முடித்துக்கொண்டு, அவருடைய ஆராதனை முடியும்வரை வெளியே தொப்பியோடு நிற்பான்.

வின்சன்ற் வாத்தியார் இந்தக் கதையைச் சொல்லும்போது எங்களுக்குப் பின்னால் வந்தது ஒரு ரெயில் அளவு சனம். அதை நான் திருத்தப் போவதில்லை.

இப்போது நாங்கள் நாலு பேராகப் போகிறோம். கச்சான் ஓய்ந்தால் மேர்சியும் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வருவார். போன கிழமை களுவாஞ்சிகுடிக்குப் போய், மத்தியானத்துக்கு முன் திரும்பவேண்டும் என்று புறப்பட்டோம். குருக்கள்மடத்தைத் தாண்டவில்லை, பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. சில்வெஸ்டர் ஒரு தயிர்க்காரருக்கு இறங்கி, அவருடைய எருமையின் குளம்பு நோயைப் பற்றி ஆற அமர விசாரித்துக்கொண்டிருந்தான். மேர்சி வெயிலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார். மணியை இரண்டு தடவை அடித்தார். சில்வெஸ்டர் சிரித்துக்கொண்டு கையைக் காட்டினான்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

“உசனார் காக்கா, இந்த மனிசனோட இத்தன வருசம் எப்பிடிப் பொறுத்த?”

“நான் எங்க பொறுத்த, தங்கச்சி?” என்றேன். “இறங்காம வந்த ஒரே ஒரு நாளும், இறங்கச் சொன்னது நீங்கதானே.”